வானத்தில் உப்பு விற்றவர்கள்

உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது என்று நொந்துகொள்வது நம் வழக்கம். மரக்காணம், அனுமந்தைப் பக்கத்து உப்பளங்களில் விற்கப் போகும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உப்பு பாத்தியில் பூத்திருக்கும்போதே ஒரு கோடை மழை அடித்தால் போதும், வெயிலில் நின்றதெல்லாம் தண்ணீராகிவிடும். கரைந்துபோனதற்கு எந்த வங்கி மேலாளரும் குடைபிடித்து வந்து துக்கம் விசாரிப்பதில்லை. மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் தருகிறது. அதற்கும் அட்டை, நகல், வரிசை.

வானத்தில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு மட்டும் எந்தக் காற்றிலும் மாவு பறக்காது. பறந்தால் அது அடுத்தவர் மாவு.

அந்த வானத்தில் மலிவு விமானக் கடை விரித்த கேப்டன் கோபிநாத்தைத் திட்டுவதில் எனக்கு உற்சாகமில்லை. ராணுவத்தை விட்டு வந்து பட்டுப்புழு வளர்த்தவர், ஹாசனில் டிபன் கடை நடத்தியவர், தேர்தலில் நின்று தோற்றவர். 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கி, ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றார். விமானம் என்றால் அண்ணாந்து பார்ப்பது என்று மட்டும் தெரிந்தவர்கள் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். அது பொய்யில்லை. ஆனால் ஒரு ரூபாய்க்கு எரிபொருள் கிடைக்காது என்பதும் பொய்யில்லை. நஷ்டம் கழுத்தை நெரித்தபோது, 2007-ல் கிங்ஃபிஷர் பீருக்கும் கிங்ஃபிஷர் விமானத்துக்கும் முதலாளியான விஜய் மல்லையா டெக்கானை வாங்க வந்தார்.

மல்லையாவுக்கு ஏழைப் பயணி மேல் திடீர்ப் பாசமா? வெளிநாடு பறக்க வேண்டுமென்றால் உள்நாட்டில் 5 ஆண்டு ஓட்டியிருக்க வேண்டும், கையில் 20 விமானம் இருக்க வேண்டும் என்று அன்று ஒரு விதி. கிங்ஃபிஷர் பிறந்தது 2005-ல். டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் 5 வயது நிறைந்தது. அடுத்த மாதமே கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்தது. ஒரு ரூபாய்ப் பயணியின் தோள்மேல் கால்வைத்து முதலாளி ஏறிய உயரம் அது. ஏறியாயிற்று, ஏணி எதற்கு? ‘கிங்ஃபிஷர் ரெட்’ என்று பெயர் மாற்றிய மலிவு சேவையை இழுத்து மூடுவதாக 2011-ல் அறிவித்தார்கள்.

நம் ஊர் சினிமாவில் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்தது. 2020-ல் வந்த ‘சூரரைப் போற்று’ கோபிநாத்தைச் சோழவந்தான் மாறனாக்கியது. மல்லையாவை நினைவூட்டும் முதலாளி கூட்டுச் சேர அழைக்கிறார், மாறன் மறுத்துவிடுகிறார். நாமும் கண் கலங்கினோம், படமும் 5 தேசிய விருது வாங்கியது. படத்தில் மாறன் விற்காததை நிஜத்தில் கோபிநாத் விற்றிருந்தார். அந்தக் காட்சியைச் சேர்த்தால் பின்னணி இசைக்கு என்ன செய்வது?

சேர்க்காத காட்சிகள் இன்னும் உண்டு. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் தரையில் நின்றபோது, பல மாதச் சம்பளம் வராத பொறியாளர்கள் தெருவில் நின்றார்கள். வங்கிகளுக்கு வரவேண்டியது வட்டியோடு 9,000 கோடியைத் தொட்டது. 2015 டிசம்பரில் முதலாளி கோவாவில் அறுபதாவது பிறந்தநாள் கொண்டாடினார், பாட்டுக்கு வெளிநாட்டுப் பாடகர். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பார்கள். இவர் தின்றது ஊரார் உப்பு, குடித்தது தண்ணீருமில்லை.

பிறகு மத்திய அரசே ஒரு ரூபாய்க் கனவைக் கையிலெடுத்தது. உடான் திட்டம்: ஒரு மணிநேரப் பயணம் 2,500 ரூபாய். ஹவாய் செருப்புப் போட்டவரும் பறப்பார் என்றார்கள். அனுமந்தைக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் 2017-ல் மாலை மரியாதையோடு விமானம் இறங்கியது, பிறகு ஓய்ந்தது, 2024 டிசம்பரில் வேறொரு நிறுவனம் வந்தது. சேலத்தில் 2018-ல் வந்தது, 2021-ல் நின்றது, மறுபடி வந்தது. மாமியார் வீட்டோடு சண்டை போட்ட மாப்பிள்ளைகூட இப்படிப் போய்வர மாட்டார். மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403-ல் ஒரு விமானம்கூடக் கிளம்பவில்லை, சலுகைக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் மிஞ்சியவை 54 என்று தணிக்கைத் துறை கணக்குச் சொன்னது. கோபிநாத்தின் ஏர் டெக்கானும் இதே திட்டத்தில் மறுபிறவி எடுத்து, 2020 ஏப்ரலில் ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. பறக்கிறவர்கள் மாறினாலும் இறக்கிவிடப்படுகிறவர்கள் மாறுவதில்லை.

அனுமந்தையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒரு சுங்கச்சாவடி உண்டு. காசு குறைந்தால் கட்டை எழும்பாது. பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடித்தாலும் எழும்பாது. 9,000 கோடி குறைந்தவருக்கு, மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கையோடு, 2016 மார்ச் 2 அன்று டெல்லியில் எல்லாக் கட்டையும் எழும்பியது. லண்டனுக்கு அவர் ஏறிப்போனது ஜெட் ஏர்வேஸ். மூன்றே வருடத்தில், வங்கிக் கடனைச் சுமந்தபடி, அதுவும் நின்றுபோனது.