செக்ரோலில் இருந்த பெயர்

போடியில் விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரளப் பக்கத்தில் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைக் கொண்டுபோய் இறக்கும். 1990-களில் அப்படி ஒரு ஜீப்பில்தான் அம்மா மலைக்குப் போய்வந்தார். அவர் வேலை பார்த்தது கொஞ்சம் பெரிய தோட்டம். காலையில் பேர் கூப்பிட்டு, கணக்கப்பிள்ளை செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், குறித்த பிறகுதான் காய் எடுக்க இறங்குவார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மாதக் கடைசியில் தன் பேருக்கு எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்று கேட்காமல் வரமாட்டார். "நாள் விடுபட்டா சர்வீஸ் பணம் விடுபடும் தாயி" என்பார்.

மலையில் சர்வீஸ் பணம் என்று சொல்வது பணிக்கொடையைத்தான். 1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஆண்டு ஒன்றுக்கு 15 நாள் சம்பளம். ஓர் ஆண்டு முழுதாகக் கணக்கில் ஏற, பொதுவாக 240 நாள் வேலை இருக்க வேண்டும். அம்மா ஒவ்வொரு நாளுக்கும் சண்டை போட்டது அதனால்தான்.

பிறகு அந்தத் தோட்டம் கை மாறியது. பழைய சர்வீஸ் செல்லாது, ஒரு தொகை தருகிறோம், வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுங்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான்தான் அந்தத் தாளை வாசித்துச் சொன்னேன். அம்மா கைநாட்டு வைக்கவில்லை. உடன் வேலை பார்த்தவர்களோடு சங்கத்துக்குப் போனார்; சங்கம் தொழிலாளர் துறைக்குப் போனது. முதலாளி மாறினால், பழைய சர்வீஸைத் தொடர்ந்து ஏற்க வேண்டும். இல்லையென்றால் ஆட்குறைப்புக்கு உரிய இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும் என்று அப்போதைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. செக்ரோலில் பேர் இருந்தது. பணம் வந்தது. அந்தப் பணத்தில்தான் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன்.

2024-இல் சென்னையில் நான் வேலை பார்த்த ஐடி நிறுவனத்தில் என் முறை வந்தது. ஒரு சின்ன அறைக்கு அழைத்தார்கள். ராஜினாமா கடிதம் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளமும் நல்ல அனுபவச் சான்றிதழும் உண்டு, மறுத்தால் வேலைநீக்கம் என்றார்கள். இன்றே முடிவு வேண்டுமாம். எனக்கு முன்னே அந்த அறைக்குப் போன பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள். கையில் வீட்டுக்கடன், குழந்தையின் பள்ளிக் கட்டணம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த அறையில் பயம் உண்மையானது.

நான் வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "கணக்கப் பாக்காமக் கையெழுத்துப் போட்டுறாத. போட்டுட்டா அவுக சொல்றதுதான் கணக்கு" என்றார்.

கணக்குப் பார்த்தேன். தானாக ராஜினாமா செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நிறுவனமே அனுப்பினால், தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம், இவற்றோடு பணிக்கொடையும் தனியாக உண்டு. ஐடி நிறுவனங்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருந்தது. அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய், சர்வீஸ் 8 ஆண்டு என்றால் பணிக்கொடை மட்டும் 1,20,000 ரூபாய்: சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். இதை எல்லாம் எழுதிக் கேட்டேன். சில வாரம் இழுத்த பிறகு, ராஜினாமா என்ற சொல் தாளிலிருந்து போனது, தொகை ஏறியது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 15 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுதிறன் பயிற்சி நிதியாக இன்னும் 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் வர வேண்டும். நிலுவைச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று நிறுவனமே நேரடியாக நியமித்தவருக்கு ஓர் ஆண்டிலேயே பணிக்கொடை உண்டு. இன்னொரு பக்கமும் இருக்கிறது: ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி முன்பு 100 பேர் வேலை செய்யும் தோட்டத்துக்கே தேவைப்பட்டது. இப்போது 300 பேர் இருந்தால்தான்.

வேலை போனவர்கள் பி.எஃப். விஷயத்திலும் அவசரப்படக் கூடாது. மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுச் சேவை வேண்டும். குறைவாக இருந்தால் ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால் அடுத்த வேலையோடு சேரும். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது, அதைத் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்பதையும் வெளியேறும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

2010 கடைசியில் நின்ற போடி ரயில் 2023 ஜூனில் அகலப்பாதையில் திரும்பி வந்தது. வேலை போன பிறகு அந்த ரயிலில்தான் நானும் ஊர் வந்தேன். ஜீப்புகள் இன்றும் மலைக்கு ஏறுகின்றன. 2019-இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன அதே காயைத்தான் அந்தப் பெண்கள் எடுக்கிறார்கள். ஆனால் பலர் இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று கூலிக்குப் போகிறார்கள். ஒரே இடத்தில் 240 நாள் சேர்வதில்லை. சேர்ந்தாலும் காட்டுவதற்குப் பதிவு இல்லை. சட்டம் இருக்கிறது, அதைப் பற்றிக்கொள்ளப் பேர் எழுதிய ஒரு வரி இல்லை.

ஆபீசில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டையும் நியமனக் கடிதத்தையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்வதை எழுத்தில் கேளுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ஜீப்பில் போகும் பெண்களின் பேரும் நாளும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். சங்கங்களும், தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலத் தொழிலாளர் துறைகளும் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான்.