வகுப்பு, எழுத்து, வீடு

கேள்வி: பகலெல்லாம் வகுப்பு, இரவில் விடைத்தாள், இடையில் சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும். வகுப்பறை அனுபவங்களை எழுதும் ஆசை அப்படியே கிடக்கிறது. எதை விடட்டும்?
- ஓர் ஆசிரியை, பழங்காநத்தம்

பதில்: எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். 1904-இல் உங்கள் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதி, சில மாதங்களிலேயே சாக்பீஸை வைத்துவிட்டு 'சுதேசமித்திர'னுக்குப் போய்விட்டார். மு.வ. போகவில்லை. திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியர், பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியர், 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இதற்கு நடுவில்தான் அத்தனை நாவல்களும் திருக்குறள் தெளிவுரையும். 'அகல் விளக்கு'க்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோதும் அவர் வாத்தியார்தான்.

அவருக்கு அடுப்படி வேலை இருந்ததா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் முதல் திருத்தம் வீட்டில் நடக்கட்டும்: இரவுப் பாத்திரமும் பிள்ளையின் கணக்கு நோட்டும் கணவர் பக்கம் போகட்டும்.

எழுத்துக்குத் தனி நேரம் தேடி அலையாதீர்கள். பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அன்று ஒரு பிள்ளை கேட்டதை அது கேட்ட மாதிரியே குறித்து வையுங்கள். "டீச்சர், பூஜ்யத்துக்கு மதிப்பே இல்லைன்னா, ஒன்னு பக்கத்துல போட்டா மட்டும் எப்படிப் பத்தாகுது?" இந்த ஒரு வரி போதும், ஞாயிற்றுக்கிழமை கட்டுரையாகிவிடும். பரீட்சை வாரத்தில் எழுதவே வேண்டாம். பிள்ளைகளின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். முதல் கட்டுரையை எங்களுக்கே அனுப்புங்கள்.