லவுஞ்சர்

நல்லூரில் கொடியேறினால் யாழ்ப்பாணத்தில் கச்சான் கடைகளும் வெளிநாட்டு மாமாமாரும் ஒன்றாகப் பெருகும். முன்பு வந்த மாமாமார் வீட்டின் விலை, காரின் விலை, மகனின் சம்பளம் என்று கதைத்தார்கள். இப்போது வருபவர்களில் ஒரு பகுதியினர் அதையெல்லாம் கடந்துவிட்டார்கள். விமான நிலையங்களில் தாங்கள் காத்திருந்த அறைகளைப் பற்றி மட்டுமே கதைக்கிறார்கள். எங்கள் ஒழுங்கைக்கு வருகிற அப்படியான ஒருவருக்கு லவுஞ்சர் என்று பெயர். டொக்டர், மாஸ்டர் வரிசையில் மரியாதையாகத்தான் சொல்கிறோம்.

அவரிடம் "பயணம் எப்பிடி?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் விறாந்தைக் கதிரையில் சாய்ந்துகொண்டு ரொறன்ரோ பியர்சனிலிருந்து தொடங்குவார்.

"பிளாசா பிறீமியம் பரவாயில்லை, சூப் நல்ல சூடு. துபாய் மர்ஹபாவில கடலையை அவிச்சு, மையாய் அரைச்சு, மேல எண்ணெய் விட்டு வைச்சிருப்பாங்கள்."

"கடலையை ஏன் தம்பி அரைக்கினம்? பல்லில்லாதவையே அங்க வாறவை?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்பார்.

லவுஞ்சர் அசரமாட்டார். அவரிடம் புள்ளித் திட்டம் உண்டு. சாப்பாடு, குளியலறை, கதிரை, போனுக்குச் சார்ஜ் போடுகிற பிளக், சனநெரிசல் என்று ஐந்து பாடம், பாடத்துக்கு இருபது புள்ளி. அறுபதுக்குக் கீழே எடுத்த லவுஞ்சை அடுத்த தவணையும் எட்டிப் பார்ப்பார், ஆனால் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்.

வரலாறும் தெரியும். 1939இல் நியூயோர்க் லாகார்டியாவில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப்தான் இந்தக் குலத்துக்கு மூத்தது. அழைப்பு உள்ளவர்கள் மட்டும் போய்வந்த இடம். 1992இல் பிறையோரிற்றி பாஸ் என்ற அட்டை வந்த பிறகு, சாதாரண ரிக்கற்காரனும் கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றாயிற்று. "சமத்துவம் எண்டால் இதுதான்" என்பார் லவுஞ்சர். அதற்காக அவருடைய கிறெடிற் கார்ட்காரர் வருசா வருசம் எவ்வளவு கழிக்கிறார் என்பது மாமிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அவருடைய வாழ்நாள் உச்சம் டோகா. மணிவிழாவுக்கு மகன் பிஸினஸ் கிளாஸ் ரிக்கற் எடுத்துக் கொடுத்து, கமாட் விமான நிலையத்தில் அல் மூர்ஜான் லவுஞ்சுக்குள் கால் வைத்தவர்.

"பத்தாயிரம் சதுர மீற்றர்! எங்கட கணக்கில நாப்பது பரப்பு!"

"நாப்பது பரப்போ! எல்லைக் கதியால் ஆர் போட்டது?" என்றார் ஆச்சி.

மாமியின் நிலை வேறு. மணிவிழாப் பயணத்தைத் தவிர மற்றப் பயணங்களில் அந்த அட்டை ஒருவரைத்தான் இலவசமாக விடும். கூடப் போகிறவருக்கு முப்பது டொலருக்கு மேல். "பத்தாயிரம் ரூபாய்க்கு நீ என்னத்தைச் சாப்பிடப் போறாய்?" என்று நியாயம் கேட்டுவிட்டு லவுஞ்சர் உள்ளே போவார். மாமி வெளியே ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் காவல் இருப்பார். மணிக்கு ஒருதரம் அவர் வெளியே வந்து, ரிசுப் பேப்பரில் சுற்றிய இரண்டு பிஸ்கற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். ஒன்றரை மணித்தியாலத்தில் மாறக்கூடிய பிளேன் இருந்தாலும் ஏழு மணித்தியாலம் காக்கவைக்கிற பிளேனைத்தான் பதிவார். கட்டின காசுக்குச் சாப்பிட நேரம் வேண்டாமா?

போன வருசம் சிதம்பரம் போகப் பலாலியால் வெளிக்கிட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படை போட்ட ஓடுபாதை, 2019 ஒக்ரோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகித் திறந்த அன்று சென்னையிலிருந்து முதல் விமானம் வந்திறங்கிய கதையெல்லாம் வழியில் சொல்லிக்கொண்டே போனார். உள்ளே போனதும் பக்கத்தில் இருந்த பொடியனிடம் லவுஞ்ச் எங்கே என்று விசாரித்தார்.

"நீங்கள் இருக்கிறதுதான் ஐயா" என்றான் பொடியன்.

சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு. லவுஞ்சர் வீட்டிலேயே புட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம் என்பது மாமியின் கருத்து. அவர் பலாலிக்குப் புள்ளி போடவில்லை. "சொந்த ஊர்ப்பிள்ளை, சோதினைக்கு இருத்தக்கூடாது" என்றுவிட்டார்.

புள்ளி போடாத இன்னோரிடமும் உண்டு. ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, இருபத்திரண்டு வயதில், மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட்டில் இறங்கினவர்களில் அவரும் ஒருவர். அங்கிருந்து மேற்கு பேர்லினுக்கு ரயிலேறிக் கடந்தவர்கள் அன்று நிறையப் பேர். அந்த இரவு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், "சூட்கேசுக்கு மேல" என்று சொல்லிவிட்டு உடனே துபாய்க்குத் தாவிவிடுவார்.

தேர்த் திருவிழா முடிந்த பின்னேரம் விறாந்தை நிறைய ஆட்கள். மெல்பேர்ணில் இருக்கும் மகளிடம் போக ஆச்சிக்கு விசா வந்திருந்தது. "எல்லாத்திலயும் முதலாவது எது எண்டு சொல்லு தம்பி, அதால போறன்" என்றார்.

லவுஞ்சர் தொண்டையைச் செருமினார். அதற்குள் தேத்தண்ணித் தட்டோடு மாமி வந்தார்.

"உள்ளுக்குக் கிடக்கிறதை இவர் சொல்லட்டும். வெளியில கிடக்கிறதை நான் சொல்லுறன். டோகாவில ஏழு மீற்றர் உயரத்தில ஒரு மஞ்சள் கரடி இருக்கு, தலையில லாம்பு. ஆரும் தவறினால் அதுக்குக் கீழ வந்து நில்லுங்கோ எண்டு முதலே சொல்லிவையுங்கோ. துபாயில நடை கனக்க, முழங்கால் விட்டிடும், வண்டில் கேளுங்கோ. எங்க போனாலும் கைப்பிடி இல்லாத கதிரையாய்ப் பாத்துப் பிடியுங்கோ, அப்பதான் காலை நீட்டலாம். முதலாவது சிங்கப்பூர் சாங்கி. மூண்டாம் ரேமினலில வண்ணாத்திப்பூச்சித் தோட்டமே வைச்சிருக்கினம். கால் அமத்துற மெசின் சும்மா. ஒருத்தரும் கார்ட் கேக்கமாட்டினம்."

ஆச்சி தன் கதிரையை லவுஞ்சர் பக்கமிருந்து தூக்கி மாமி பக்கம் போட்டுக்கொண்டார். "ஆறுதலாய்ச் சொல்லு பிள்ளை, பேரன் எழுதட்டும்."

லவுஞ்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மாமியைப் பார்த்துக் கேட்டார்:

"அந்த மெசின் மெய்யாய்ச் சும்மாவோ?"