சட்டாம்பிள்ளைக்கு ஒரு டோக்கன்

செஞ்சியில் ராஜகிரி ஏறியவர்களுக்குத் தெரியும். முட்டி தேயப் படியேறி, உச்சி இதோ வந்துவிட்டது என்று மூச்சு வாங்குகிற இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். குறுக்கே ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலம்; உள்ளே இருப்பவன் பலகையை இழுத்துக்கொண்டால், வெளியே நிற்பவன் அத்தனை உயரம் ஏறி வந்ததும் வீண்தான். ஆன்லைன் வகுப்பறையை முதன்முதலாக அமைக்க உட்காரும் ஆசிரியருக்கும் இப்படி ஒரு பிளவு காத்திருக்கிறது. அதன் பெயர் ஓடிபி. மின்னஞ்சல் முகவரி கொடுத்தாயிற்று. ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு நட்சத்திரக்குறி சேர்த்துப் பாஸ்வேர்டை இரண்டு தடவை அடித்தாயிற்று. ஆறு இலக்க எண் மட்டும் வரவில்லை. அது போய்ச் சேர்ந்திருப்பது மூன்று வருஷத்துக்கு முன்னால் மாறுதலாகிப் போன பழைய எச்.எம்.மின் கைப்பேசிக்கு. பலகையை இழுத்துக்கொண்டவர் அவர்தான். பாவம், அவருக்கே அது தெரியாது.

ஆசிரியர்கள் இப்படித் திணறுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் வயது. ஐம்பது தாண்டிய வாத்தியாருக்குக் கம்ப்யூட்டர் வராது, விரல் வளையாது என்பார்கள். நான் இதை ஏற்பதில்லை. அதே ஐம்பது தாண்டிய வாத்தியார்தான் காலை ஐந்தரை மணிக்கு ரோஜாப்பூவும் பொன்மொழியும் சேர்ந்த காலை வணக்கத்தை ஒன்பது வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரே மூச்சில் அனுப்புகிறார். எல்.ஐ.சி. பிரீமியம் கட்டுகிறார், பேரனை வீடியோவில் கொஞ்சுகிறார், செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்து ரூபாய்க்கு ஸ்கேன் செய்கிறார். இதில் எதற்கும் அவர் பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை. மகனோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து, ‘அது இல்லப்பா, கீழ பச்சையா இருக்கு பாருங்க, அத அழுத்துங்க’ என்று ஒரு தடவை சொன்னார்கள், வந்துவிட்டது. ஆகவே கோளாறு விரலில் இல்லை. சொல்லிக்கொடுக்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதில் இருக்கிறது. மேடையில் இருந்தால் வராது, பக்கத்து நாற்காலியில் இருந்தால் வரும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கத்து நாற்காலிக்குத் தகுந்த ஆள் மாணவன்தான் என்பது என் கட்சி.

நம் பயிற்சி வருகிற வழி வேறு. மாநில அளவில் சிலருக்குச் சொல்வார்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு, அவர்கள் வட்டார வள மையத்துக்கு, அங்கிருந்து குறுவள மையத்துக்கு, கடைசியில் ஆசிரியருக்கு. மலைச் சுனையிலிருந்து அடிவாரம் வரை கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்த குடம் மாதிரி. வந்து சேரும்போது குடம் இருக்கும். கடைசி வரிசைக்குத் தெரிவது புரொஜெக்டரின் நீல வெளிச்சம் மட்டும். ‘எல்லாருக்கும் புரிஞ்சுதா?’ என்பார் கருத்தாளர். ‘புரிஞ்சுது சார்’ என்று கோரஸ் எழும். இந்தக் கோரஸைப் பணிக்காலம் முழுக்கப் பிள்ளைகள் வாயால் கேட்டு, அதன் பெறுமானம் என்னவென்று நன்றாக அறிந்தவர்களே அதைப் பாடுகிறார்கள். முடிவு வராமல் முகாம் இழுத்துக்கொண்டே போவது செஞ்சிக்குப் புதிதில்லை. 1690-ல் முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் இந்தக் கோட்டையை வளைத்தார். உள்ளே இருந்தவர் மராட்டிய மன்னர் ராஜாராம். கோட்டை விழ 1698 ஆயிற்று. அதற்குள் ராஜாராம் தப்பியும் போய்விட்டார். கான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்ற பேச்சு அப்போதே இருந்தது. படி வந்துகொண்டிருக்கும்வரை முகாமை முடிக்க யாருக்கு அவசரம்? இதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் எடுத்துக்கொண்டார்கள். மலையும் மதிலும் மாறவில்லை. போன வழி வேறு, அவ்வளவுதான்.

கூகுள் கிளாஸ்ரூமையே எடுத்துக்கொள்வோம். அது வந்தது 2014-ல். நம்மில் பலர் அதன் முகத்தில் விழித்தது 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடிய பிறகு. பிளஸ் குறியைத் தொட்டு வகுப்புக்குப் பெயர் வைத்தால், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பிறக்கும். அதைச் சொன்னால் பிள்ளைகள் உள்ளே வந்துவிடுவார்கள். இதுவரை சிரமமில்லை. வினை இருப்பது வீட்டுப்பாடம் கொடுக்கும் இடத்தில். வினாத்தாளை இணைத்ததும் சின்ன எழுத்தில் மூன்று வழிகள் வரும்: மாணவர் பார்க்கலாம், மாணவர் திருத்தலாம், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல். பதில் எழுதத்தானே போகிறார்கள் என்று நடுவில் இருப்பதைத் தொட்டால் தீர்ந்தது கதை. நாற்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே தாள். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்பதற்கு முதல் பெஞ்சுப் பிள்ளை நான்கு வரி எழுதும். அடுத்தவன் அந்தப் பெயரை மட்டும் அழித்துத் தன் பெயரை வைப்பான். மூன்றாவது பிள்ளை ‘சார், யாரோ என் பதில அழிக்கிறாங்க’ என்று விடை எழுதும் இடத்திலேயே பிராது கொடுக்கும். நான்காமவன் கேள்வியையே அழித்துவிடுவான். நால்வரில் தெளிவாக யோசித்தவன் அவன்தான். மேடையில் நிற்பவர் இதைச் சொல்லாமல் இல்லை. ஆனால் அவர் காட்டுவது ஆசிரியரின் திரையை. அழிகிற பதில் மாணவனின் திரையில் அழிகிறது. பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தால், ‘மூணாவத வைங்க சார், இல்லன்னா நான் எழுதுறத பின்பெஞ்சு தூக்கிடும்’ என்று அரை நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும்.

இது என் சொந்தச் சரக்கும் இல்லை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளிப் பொறுப்பை ஏற்றார். ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவர நினைத்தார். மணல்தான் அன்றைய டேப்லெட்: விலை மலிவு, சார்ஜ் போட வேண்டாம், அழிக்க ஒரு தட்டு. பள்ளியில் இருந்த ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள்? இது நடக்காது என்றார்கள். பெல் அவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி ஏற்பாடு செய்யவில்லை. படைவீரன் ஒருவனின் மகனான எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, நீ சொல்லிக்கொடு என்றார். சொல்லிக்கொடுத்தான். 1797-ல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். நமக்கென்னவோ இதில் அதிசயம் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் எப்போதும் இருந்தான். கப்பலேறிப் போன சட்டாம்பிள்ளையை நாம்தான் திரும்பக் கூப்பிடவில்லை.

பணிமூப்புப் பார்த்தாலும் மாணவன்தான் முன்னால் நிற்கிறான். தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது 2011 செப்டம்பரில். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி பெருவாரியாக வந்தது 2024-ல். பதின்மூன்று வருஷ சீனியாரிட்டி. ஆசிரியர் சமுதாயம் வேறு எதை மதிக்காவிட்டாலும் சீனியாரிட்டியை மதிக்கும். பக்கத்து நாற்காலியின் அருமையை அரசும் அறியாமலில்லை. திரைவழிக் கல்வியில் விட்டுப்போனதை ஈடுகட்ட வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம், நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27-ல் தொடங்கியது. அதன் சாரம், தெருவில் தெரிந்த ஒருவர் சாயங்காலம் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்வது. பிள்ளைகளுக்குச் செய்ததை ஆசிரியர்களுக்கும் செய்தால் என்ன?

மரியாதை போய்விடுமே என்பார்கள். மியூட்டில் இருப்பது தெரியாமல் பத்து நிமிஷம் பானிபட் போரை நடத்தி முடித்த ஆசிரியரை நாற்பது பிள்ளைகளும் பார்த்தாயிற்று; அதற்குப் பிறகும் ‘குட்மார்னிங் சார்’ சொல்கிறார்கள். அவ்வளவு தாங்கிய மரியாதை, ‘இத எப்படிப்பா போடுறது?’ என்ற ஒரு கேள்வியில் சாயாது. பாஸ்வேர்டு பிள்ளை கைக்குப் போனால் மதிப்பெண் என்னாகும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். பக்கத்து நாற்காலி என்றால் பக்கத்து நாற்காலி மட்டும்தான்: பிள்ளை வாயால் சொல்லட்டும், மவுஸ் ஆசிரியர் கையில் இருக்கட்டும், பாஸ்வேர்டு அடிக்கும்போது அது ஜன்னல் வழியே கோட்டையைப் பார்க்கட்டும். வீட்டில் போனே இல்லாத பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது இன்னொன்று. மற்ற பிள்ளைகளுக்கு அது தெரிந்ததும் இப்படித்தான், பக்கத்தில் உட்கார்ந்து. பள்ளி ஹைடெக் லேபின் பூட்டு திறந்தால் போதும்.

பள்ளிதான் திறந்தாயிற்றே, இனி ஆன்லைன் எதற்கு என்பவர்கள் வருகைப் பதிவை ஒருநாள் செயலியில் போட்டுப் பார்க்கட்டும். பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு, திக்‌ஷா, எமிஸ் என்று கொரோனாவுக்கு முன்பே உள்ளே வந்தவை இன்னும் இருக்கின்றன, புதிதாகவும் வருகின்றன. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டிய மாதிரி நாட்களில், லீவுதானே, ஆன்லைனில் வகுப்பு எடுங்களேன் என்று யாராவது யோசனை சொன்னால் ஆசிரியர் பேசாமல் இருக்கலாம். கரண்டே இல்லாதபோது கிளாஸ்ரூமாவது ஒன்றாவது.

செஞ்சி வட்டாரத்து எச்.எம்.களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை வட்டார வள மையப் பயிற்சிக்கு ஓ.டி. போட்டு ஆசிரியரை அனுப்பும்போது, வீட்டில் சம்மதம் கேட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையையும் கூடவே அனுப்பிவையுங்கள். கிளாஸ் லீடர் வேண்டாம், கேள்வியை அழித்தானே அவனை அனுப்புங்கள். மதியச் சாப்பாட்டு டோக்கன் ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்.