ஃபோல்டருக்கு ஒரு கோனார் நோட்ஸ்

மேனுவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு வாசகர் கிடையாது. மிக்ஸி வாங்கினால் அட்டைப்பெட்டி பரணுக்குப் போகிறது. கூடவே வந்த புத்தகமும் பிரிக்கப்படாமல் அதற்குள்ளேயே பரண் ஏறிவிடுகிறது. பெங்களூரு கம்பெனி ஒன்றுக்குப் பாலக்கோட்டில் உட்கார்ந்து மென்பொருள் மேனுவல் எழுதும் நான், இந்த நிலைமையோடு ராசியாகிப் பல காலம் ஆகிறது. இப்போது திடீரென்று ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர் வந்து சேர்ந்திருக்கிறார். படிப்பதோடு நிற்காமல், படித்தபடியே செய்தும் தொலைக்கிறார். ஏஐ ஏஜென்ட் என்று பெயர்.

வேலை சின்னதுதான். மெயில் பெட்டியில் புது ஃபோல்டர் உருவாக்கும் டூல் ஒன்று. அதை ஏஜென்ட் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று குறிப்பு எழுதவேண்டும்.

"ஃபோல்டர் போடறதுக்கு என்னாத்துக்குப்பா நோட்ஸு? எங்க கணக்கப்பிள்ளை நோட்ஸ் படிச்சா போடறாரு?" என்றார், தக்காளி மண்டி வைத்திருக்கும் என் மாமா.

கணக்கப்பிள்ளைக்குக் கண் இருக்கிறது. ஏற்கெனவே என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டுப் போடுவார். ஏஜென்ட் அப்படியல்ல. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. என்ற நெறிமுறை இப்போது பரவலாகப் புழங்குகிறது. அதன்படி ஒரு டூலைப் பற்றி ஏஜென்ட்டுக்குத் தெரிவது பெயர், விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்கவேண்டும் என்ற பட்டியல், கூட இரண்டொரு குறிப்பு. அவ்வளவுதான். புரோகிராமர் தம்பி விளக்கம் என்ற இடத்தில் 'ஃபோல்டரை உருவாக்கும்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தார். அதை நம்பி மாமாவின் மெயிலில் சோதனை ஓட்டம் நடந்தது. பில், பில்கள், தக்காளி பில், பில் முக்கியம், இதர முக்கியம் என்று வரிசையாக ஃபோல்டர்கள் முளைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மெயில்.

"என்னா மாப்ள, மெயிலுக்கு மேல ஃபோல்டரா இருக்குது?"

ஆகவே, எப்போது உருவாக்கக் கூடாது என்பதுதான் குறிப்பின் முக்கால் பாகம். இருப்பதை முதலில் பார். அதே பொருளில் ஒன்று இருந்தால் அதிலேயே போடு. சந்தேகமென்றால் உரிமையாளரைக் கேள்.

பெயர் வைப்பதில் வேறு தொல்லை. ஜிமெயிலில் ஃபோல்டரே கிடையாது, லேபிள்தான். பெயருக்கு நடுவே சாய்கோடு வந்தால் ஒன்றுக்குள் ஒன்று என்று அர்த்தம். 'ஏப்ரல்' ஏற்கெனவே இருக்க, 'ஏப்ரல்/மே' என்று போட்டால், மே மாதம் ஏப்ரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆடிட்டர் பார்த்தால் மயங்கி விழுவார். மைக்ரோசாஃப்ட் வேறு ரகம். அங்கே ஃபோல்டரை யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைக்க வசதி உண்டு. ஆனால் உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. ஏஜென்ட் ஆர்வக்கோளாறில் அதை 'ஆம்' என்று அடித்துவிட்டால், மாமா ஆயுசு முழுக்கத் தேடவேண்டியதுதான்.

ஐமேப் என்ற மெயில் நெறிமுறையில் ஓடும் பழைய சர்வர்கள் தமிழை இன்னும் ஒரு தினுசாக நடத்துகின்றன. 2003இல் வந்த ஆர்.எஃப்.சி. 3501 என்ற ஐமேப் விதி சொல்வதன்படி, 'பில்' என்று தமிழில் பெயர் வைத்தால், உள்ளே அது '&' குறியில் தொடங்கி ஹைஃபனில் முடியும் ஆங்கில எழுத்துக் கூளமாகப் போய்ச் சேரும். 2021இல் வந்த புது விதி நேரடித் தமிழுக்கு வழி விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த வில்லங்கம் 'கொள்முதல்'. அதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம்; கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. சரிபார்க்காத கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. கொள்முதலுக்குப் பக்கத்தில் இன்னொரு கொள்முதல் நிற்கும், மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். பெயரை என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடு என்று குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். பெங்களூருக்காரர்களுக்கு அது ஏன் என்று புரியவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை.

அடுத்தது, எதற்குள் எது. சேலத்திலிருந்து 1965இல் தர்மபுரி பிரிந்தது. தர்மபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. இந்த வரலாற்றைப் படித்த ஏஜென்ட், கிருஷ்ணகிரி வியாபாரிகளைத் தர்மபுரிக்குள்ளும், தர்மபுரியைச் சேலத்துக்குள்ளும் வைத்தது. வரலாறு சரி, லாரி வாடகை பில் கிடைக்கவில்லை. 'மேல் ஃபோல்டர் சொல்லப்படாவிட்டால் எல்லாம் ஒரே மட்டத்தில்' என்று ஒரு வரி சேர்த்தேன். தனி மாவட்டம் கேட்டு வாங்கியவர்களுக்கு அந்த மரியாதை வேண்டாமா?

கடைசியாகப் பிழைச் செய்தி. இங்கே நெட் போய்ப் போய் வரும். பதில் வராவிட்டால் ஏஜென்ட் மறுபடி அதே வேலையைச் செய்யும். அப்போது டூல் 'பிழை' என்று மட்டும் முறைத்தால், அது பெயரை 'பில் 2' என்று மாற்றிக்கொண்டு திரும்ப வரும். 'ஏற்கெனவே இருக்கிறது, அதன் அடையாள எண் இது, அதையே பயன்படுத்து' என்று சொன்னால் அடங்கிவிடும். தாலுகா ஆபீஸ் கவுன்டரில் யாராவது என்னிடம் இத்தனை விவரமாகப் பேசியிருந்தால், என் பாதி வயது மிச்சமாகியிருக்கும்.

டூலின் சுபாவத்தைச் சொல்லவும் எம்.சி.பி.யில் இடம் உண்டு. இது அழிக்கும் டூல், இது அழிக்காத டூல் என்று குறித்து வைக்கலாம். ஆனால் அது வெறும் குறிப்புதான், காவல் அல்ல. ஆகவே உங்கள் மெயிலுக்கு ஏஜென்ட் வைத்துக்கொள்வதாக இருந்தால், ஃபோல்டர் உருவாக்கத் தாராளமாக அனுமதி கொடுங்கள். அழிக்க அனுமதி கேட்டால் மட்டும், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், கொடுத்துவிடாதீர்கள்.