மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

போன வெள்ளிக்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் கணவருடைய வேலைச் சான்றிதழில் கையெழுத்து இல்லையாம். இல்லைதான். அவர் கம்பெனியில் சான்றிதழைக் கம்ப்யூட்டர்தான் தருகிறது. அடியில், இது இயந்திரத்தில் தயாரானது, கையெழுத்து இல்லாமலே செல்லும் என்று பொடி எழுத்தில் ஒரு ஜெர்மன் வரியையும் போட்டுவிடுகிறது. அலுவலகம் எனக்கு அனுப்பிய கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடியிலும் அதே வரி. அவர்கள் போட்டால் செல்லும், நாங்கள் கொடுத்தால் செல்லாது.

இந்த வேலைச் சான்று விவகாரத்தை எப்படிச் சமாளிப்பது என்று நாலு பேருக்குப் பயன்படும்படி சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளையின் வேலையை விசாரிக்கும் பொறுப்பைப் பெரியப்பாதான் ஏற்றுக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. நேரே அந்த ஆபீஸுக்குப் போனார். உள்ளே போகவில்லை, உள்ளே எல்லாரும் பொய் சொல்வார்களாம். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, பையன் எத்தனை மணிக்கு வருகிறான், எத்தனை மணிக்குப் போகிறான், டீக்குக் காசு கொடுக்கிறானா அக்கவுண்டா என்பதை எல்லாம் கறந்தார். பிறகு வாட்ச்மேன். கம்பெனி சொந்தக் கட்டடமா, வாடகையா? சம்பளம் ஒண்ணாம் தேதியே போடுகிறார்களா, பத்தாம் தேதி வரை இழுக்கிறார்களா? பி.எஃப். பிடிக்கிறார்களா? வீட்டுக்கு வந்து, "வேலை இருக்கு. ஆனா நிரந்தரமான்னு தெரியலை" என்று ஒரு போடு போட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம் அவரே மறுபடி போய், கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் நம்ம ஊர்க்காரர் என்று கண்டுபிடித்து, சம்பளச் சீட்டின் நகலோடு திரும்பினார். அது எப்படிக் கிடைத்தது என்று இன்று வரை யாரும் கேட்கவில்லை. அதை வைத்துக்கொண்டு, மொத்தம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து வாசித்தார். கடைசியில், "கையில வர்றதுதாம்மா சம்பளம்" என்றார்.

அந்த விரலைத்தான் போன மாதம் ஜெர்மனியில், வெளிநாட்டவர் அலுவலகக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

என் கணவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவருடைய தாத்தா எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தின் பலன் பேரனுக்கு வந்து, பேரனுக்கு வாக்கப்பட்ட எனக்கும் வந்தது. நாங்கள் பிரான்ஸில் குடியிருந்தால் அது அவருடைய சொந்த நாடு, அந்த நாட்டுச் சட்டம். ஜெர்மனிக்கு வந்துவிட்டதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டம், எண் 38. அதன்படி அவர் இங்கே வேலை பார்த்தால், மனைவி என்ற உரிமையில் எனக்கு ஐந்து வருடக் கார்டு. மனுப் போட்ட ஆறு மாதத்துக்குள் தந்தாக வேண்டும்.

கவனியுங்கள், வேலை பார்க்க வேண்டியது அவர். நான் சென்னையில் பதினைந்து வருடம் ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டிய அனுபவச் சான்றிதழையும் கொண்டுபோயிருந்தேன். கவுன்டர் அம்மா அதைத் தொடக்கூட இல்லை. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதுதான் அவருக்கும் கேள்வி.

வேலை ஒப்பந்தம் கொடுத்தேன். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கொடுத்தேன். விரல் இறங்கியது: மொத்தம், வரி, சர்ச் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், கையில் எவ்வளவு. அந்தச் சீட்டில் வரி வகுப்பு என்று ஒரு எண் இருக்கும். கல்யாணமானவர் என்பதால் அவருக்கு அதில் நான்கு. ஆக, இவர் வேலை பார்க்கிறார் என்பதும் இவருக்குப் பெண்டாட்டி இருக்கிறாள் என்பதும் வரிக்காரர்களுக்கு மாதாமாதம் தெரிகிறது. அதே அரசாங்கம்தான், பக்கத்துத் தெருவில் உட்கார்ந்துகொண்டு, இவர் வேலை பார்ப்பதற்கு என்ன ஆதாரம் என்று என்னைக் கேட்கிறது.

விரல் நின்றது. அடுத்த கேள்வி என்னவென்று பெரியப்பாவை அறிந்த எவருக்கும் தெரியும்.

"ப்ரொபேஷன் முடிந்துவிட்டதா?"

இங்கேதான் எனக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வந்தது. சட்டத்தை நானும் படித்திருக்கிறேன். வேலைக்காரர் என்றால் முதலாளியிடமிருந்து ஓர் உறுதிக் கடிதமோ வேலைச் சான்றோ போதும் என்றுதான் அதில் இருக்கிறது. நிரந்தரமா என்ற பேச்சே இல்லை. 1982இல் லெவின் என்ற பிரிட்டிஷ் பெண்ணின் வழக்கு வந்தது. அவர் கணவர் வெளிநாட்டுக்காரர். இவர் நெதர்லாந்தில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பகுதி நேர வேலையில் இருந்தார். வேலை உண்மையானதாக இருந்தால் போதும், சம்பளம் குறைவு என்பதற்காகத் தள்ளக்கூடாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம். 1986இல் கெம்ப்ஃப் என்ற இசை ஆசிரியர். வாரத்துக்குப் பன்னிரண்டு பாடம்தான் எடுத்தார். மிச்சத்துக்கு அரசு உதவிப் பணம் வாங்கினார். அவரும் வேலைக்காரரே என்று தீர்ப்பு. வாரம் பன்னிரண்டு மியூசிக் கிளாஸ் எடுப்பவரை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எங்கள் பெரியப்பா ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார். கவுன்டர் அம்மாவும் அவர் கட்சிதான்.

நியாயம் பேசுவோம். பெரியப்பா கேட்டது பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால். இவர்கள் கேட்பது கல்யாணமாகி, குடித்தனம் வைத்து, சண்டையும் போட்டு முடித்த பிறகு. இப்போது மாப்பிள்ளை சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வதாக உத்தேசம்?

இதற்கிடையில் எனக்கும் ஓர் இடத்தில் வேலை கிடைக்கும்போல இருந்தது. வந்த நாளிலிருந்தே நான் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். அங்கே கேட்டது கார்டை. கணவரின் வேலையைக் காட்டினால் எனக்குக் கார்டு. கார்டைக் காட்டினால் எனக்கு வேலை. நடுவில் ஒரு கையெழுத்து.

அவருக்கானால் இந்தச் சமயம் பார்த்து மேனேஜரோடு தகராறு. "விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார் நேற்று ராத்திரி, தோசையைப் பிய்த்துக்கொண்டே. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவரைக் கம்பெனி வேண்டாமென்று அனுப்பினால், வேலை தேடுவதாகப் பதிவு செய்துகொண்டு அவர் வேலைக்காரராகவே நீடிக்கலாம். தானாக விட்டுவிட்டு வந்தால் அந்தச் சலுகை கிடையாது.

"என்னங்க, தயவுசெஞ்சு ராஜினாமா மட்டும் பண்ணாதீங்க. திட்டினா வாங்கிக்கோங்க. அவங்களா அனுப்பற வரைக்கும் கமுக்கமா இருங்க."

"அனுப்பலைன்னா?"

"அப்ப வேலை நிரந்தரம்தான். பெரியப்பாகிட்ட சொல்லிடறேன்."