சாவி குத்திய கை

வேளச்சேரியில் குடியிருக்கும், ஐம்பதைத் தொட இரண்டு வருஷம் பாக்கியுள்ள, இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்க்கும் ஒருவர் (பத்திர எழுத்தர் பாணியில், இனி ‘மேற்படியார்’) ரத்தச் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து ஒரு சைக்கிள் வாங்கினார். சைக்கிள் வாங்க அரை மணி நேரம் ஆனது. அதை ஓட்டும்போது கட்டிக்கொள்ள ஒரு வாட்ச் தேர்ந்தெடுக்கப் பதினோரு மாதம் ஆனது. மேற்படியாருக்கும் இதை எழுதுகிறவருக்கும் என்ன உறவு என்று கேட்க வேண்டாம். இருவருக்கும் ஒரே அளவுச் சட்டை பொருந்தும். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

வாட்ச் இல்லாத மனிதர் அல்ல அவர். கல்யாணத்தில் மாமனார் போட்ட டைட்டன் இருந்தது. தங்க முலாம், வட்ட டயல், பழுப்புத் தோல் வார். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கைகோத்து 1984-ல் தொடங்கிய நிறுவனம் அது, ஆலை ஓசூரில். பெயரின் ஆங்கில எழுத்துகளில் முன்பாதி டாடா இண்டஸ்ட்ரீஸ், பின்பாதி தமிழ்நாடு. ஆகவே அந்த வாட்சில் மாநில அரசுக்கும் பங்குண்டு, மாமனார் மட்டும் தனியாகப் பெருமை கொண்டாட முடியாது என்பது மேற்படியாரின் நெடுநாள் வாதம். மாமனார் எதிரில் இதைச் சொன்னதில்லை.

முதல் ஞாயிறு அதைக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினார். திருவான்மியூரில் ஏறி கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, முட்டுக்காடு படகுத்துறைக்கு வந்து நின்றபோது இடது புறங்கையில் ஏதோ எரிந்தது. மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே, மிளகளவுக்குச் சிவப்பாக ஒரு குழி. பூச்சி கடித்திருக்கும் என்று எச்சில் தொட்டு வைத்தார். அடுத்த வாரமும் அதே பூச்சி அதே இடத்தில் கடித்தது. மூன்றாவது வாரம்தான் பூச்சி எது என்று தெரிந்தது: வாட்சின் சாவி.

விஷயம் எளிது. மேஜைமேல் எழுதுகிறவனுக்கு மணிக்கட்டு நேராக இருக்கும். சைக்கிள்காரன் உடம்புப் பாரத்தில் ஒரு பங்கைக் கைகளில் ஏற்றி ஹேண்டில்பாரை அழுத்துகிறான்; மணிக்கட்டு பின்பக்கமாக மடங்குகிறது. மூன்று மணிக்கு நேராகத் துருத்தியிருக்கும் சாவி, மடங்கிய புறங்கையில் போய் முட்டுகிறது. ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு குத்து. சென்னைச் சாலைகளை அறிந்தவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

தோல் வாரின் கதை வேறு. மே மாதத்துச் சென்னையில் ஒரு மணி நேரம் மிதித்தால் வாரில் ஏறும் வியர்வை, காய்வதற்குள் அடுத்த நாள் வந்துவிடும். உப்பும் ஈரமும் மாறிமாறி ஏறினால் தோல் விறைக்கும், வெடிக்கும், அதற்கு முன்பே நாறும். “ஏங்க, பீரோவுக்குள்ள ஏதோ எலி செத்திருக்கு போல” என்று மனைவி தேட ஆரம்பித்த அன்று டைட்டனுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது.

கோவளம் திருப்பத்தில் காலைக் கூட்டம் ஒன்று உண்டு. இறுக்கமான உடையில் தொப்பையை மறைக்க வழியில்லாத ஏழெட்டுப் பேர் இட்லி சாப்பிட்டபடி உலகத்துக்கு ஆலோசனை வழங்கும் சபை. அங்கே விவகாரம் முன்வைக்கப்பட்டது. “எதுக்கு சார் வாட்ச்? ஹேண்டில்ல மாட்டுற கம்ப்யூட்டர் வாங்கிடுங்க” என்றார் ஒருவர். நல்ல யோசனைதான், வேகம், தூரம், ஏற்றம் எல்லாம் காட்டும். ஆனால் அதைக் கையில் கட்டிக்கொண்டு அலுவலகம் போக முடியாது. மேற்படியாரின் நிபந்தனை ஒன்றே ஒன்று: காலையில் சைக்கிளில் கட்டியதைக் கழற்றாமல் பத்து மணிக்கு சீட்டில் உட்கார வேண்டும். “போன்ல பாத்துக்கலாமே” என்றார் இன்னொருவர். ஒரு கையால் பையிலிருந்து போனை எடுத்து மணி பார்த்துக்கொண்டே அக்கரை சிக்னலைக் கடந்தவர் அவர்தான் என்பதும், முழங்கையில் கட்டுப் போட்டிருந்தவர் அவர்தான் என்பதும் சபைக்குத் தெரியும்.

கை காலியாக இல்லாதவனுக்கு மணி பார்ப்பது எப்போதுமே பிரச்சினையாகத்தான் இருந்திருக்கிறது. பாரிஸில் ஆகாயக் கப்பல் ஓட்டித் திரிந்த பிரேசில்காரர் சான்டோஸ் டூமான், இரண்டு கையும் விசைகளில் இருக்கும்போது பையிலிருந்து கடிகாரத்தை எடுக்க முடியவில்லை என்று நண்பர் லூயி கார்ட்டியேவிடம் புலம்ப, 1904-ல் அவருக்காகவே ஒரு கைக்கடிகாரம் பிறந்தது. ஆகாயத்தில் பள்ளம் இல்லை. சாவி அவர் கையைக் குத்தியதாகத் தகவல் இல்லை.

சபையின் பெரும்பான்மைத் தீர்ப்பு ஸ்மார்ட்வாட்ச். மேற்படியார் வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பாவம், அதுவும் பிழைக்க வேண்டும். முதுகில் பச்சை விளக்குகள் மினுக்கின. அந்தப் பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நன்றாகச் சொல்லும். சைக்கிளிலோ கை இறுகப் பிடித்திருக்கிறது, மணிக்கட்டு மடங்கியிருக்கிறது, சாலை அதிர்கிறது. வாட்ச் குழம்பி, அதிர்வையும் ரத்தத்தையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறது. உத்தண்டி அருகே சமதரையில் மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தவருக்கு நாடி 187 என்று காட்டியது. அதைப் பார்த்த பயத்தில் உண்மையாகவே ஏறியது. நெஞ்சில் கட்டும் பட்டை இதயத்தின் மின்னோட்டத்தையே அளப்பதால் இந்தக் குழப்பம் வராது என்று பிற்பாடு சொன்னார்கள். ‘வாட்ச் கட்ட வந்தவன் எதற்கு நெஞ்சில் கட்ட வேண்டும்?’ என்று இவர் கேட்டார்.

அதைவிடப் பெரிய தொல்லை அதன் பாசம். கடை வரிசையில் நின்றால் ‘எழுந்து நடங்கள்’ என்றது. மாதக் கடைசிக் கணக்கில் மூழ்கியிருந்தால் ‘மூச்சை ஆழமாக இழுங்கள்’ என்றது. ராத்திரி சார்ஜில் போடாவிட்டால் காலை நாலரைக்குக் கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. வீட்டில் ஏற்கெனவே இந்த வேலைகளையெல்லாம் செய்ய ஆள் இருப்பதால் அது மகளின் கைக்குப் போனது.

பெரியப்பா தம் பங்குக்கு எச்.எம்.டி. ஜனதா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் ஆலையின் செல்லப் பிள்ளை அது; 2016-ல் அரசாங்கமே அந்தக் கம்பெனியை மூட முடிவெடுத்துவிட்டது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். “உனக்கும் விரலுக்கு எக்ஸர்சைஸ் ஆச்சுடா” என்றார் பெரியப்பா. அழகான பொருள்தான். ஆனால் எந்தச் சாவிக்குப் பயந்து ஓடினாரோ அதே சாவி, தினமும் திருக வேண்டிய உருவத்தில் திரும்பி வந்திருந்தது. மேற்படியார் கும்பிட்டு வாங்கி சாமி அலமாரியில் வைத்துவிட்டார்.

இனி கடைக்குப் போய்ச் சோதித்துப் பார்த்துத்தான் வாங்குவது என்று தி. நகர் போனார்.

இந்தச் சோதனையைச் சற்று விவரிக்க வேண்டும். வாட்சைக் கட்டிக்கொள்வார். கண்ணாடிக் கவுண்டரின் விளிம்பை இரண்டு கையாலும் ஹேண்டில்பாராகப் பிடிப்பார். இடுப்பை வளைத்து, முன்னால் சாய்ந்து, பாரத்தைக் கையில் இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு உடம்பை லேசாகக் குலுக்குவார். அதாவது அவர் மனத்தில் நீலாங்கரைப் பள்ளங்களைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். முதல் வாட்சுக்குக் கடைப்பையன் பேசாமல் பார்த்தான். இரண்டாவதுக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். மூன்றாவதுக்கு, “சார், தலை சுத்துதா? அண்ணே, சாருக்குத் தண்ணி!” என்று உள்ளே குரல் கொடுத்தான். நாலைந்து வாடிக்கையாளர்கள் விசிற ஆரம்பித்தார்கள். நகை வாங்க வந்த பெரியம்மா ஒருவர் கைப்பையிலிருந்து சாத்துக்குடியை எடுத்து நீட்டினார்.

விளக்கிச் சொன்னபின் பையனுக்கு விஷயம் பிடித்துவிட்டது. கெட்டிக்காரன். சாவி மூன்று மணிக்கு இல்லாமல் நாலு மணி இடத்தில் சற்று இறங்கி இருக்கும் சீகோ ஒன்றை எடுத்துக் காட்டினான். குத்தவில்லை. “இல்லன்னா சாதா வாட்சையே வலது கையில கட்டுங்க சார், சாவி முழங்கைப் பக்கம் போயிரும்” என்றான். பதினோரு மாதத்தில் யாரும் சொல்லாத ஆலோசனை, அதுவும் இலவசம். ஆனால் வலது கையில் வாட்ச் கட்டிக்கொண்டு மாமனார் முன் நிற்பதை மேற்படியாரால் கற்பனை செய்ய முடியவில்லை.

“இது வாட்டர் ப்ரூஃப்தானே?”

“வாட்டர் ரெசிஸ்டன்ட் சார். முப்பது மீட்டர்.”

முப்பது மீட்டர் என்று போட்டிருந்தால் அதைக் கட்டிக்கொண்டு முப்பது மீட்டர் ஆழத்தில் முத்துக் குளிக்கலாம் என்று அர்த்தமில்லை. ஆய்வுக்கூடத்தில் அசையாமல் வைத்து அவ்வளவு அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள் என்றுதான் அர்த்தம். கை கழுவலாம், மழையில் நனையலாம். நீச்சலுக்கு நூறு மீட்டர் போட்டதுதான் பத்திரம். மேற்படியார் நீச்சல் தெரியாதவர். ஆனால் டிசம்பரில் வேளச்சேரியில் வசிப்பவர் என்பதால் இந்தக் கேள்வியை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து ஜி-ஷாக் வந்தது. அதன் பிறப்புக் கதை உருக்கமானது. அப்பா கொடுத்த வாட்சைக் கீழே போட்டு உடைத்துவிட்ட இபே கிகுவோ என்ற காசியோ பொறியாளர், உடையாத வாட்ச் செய்தே தீருவது என்று கிளம்பினார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் உடையாதிருக்க வேண்டும், பத்து பார் அழுத்தம் தாங்க வேண்டும், செல் பத்து வருஷம் வர வேண்டும் என்று மூன்று பத்துகளை விதித்துக்கொண்டு, கம்பெனியின் மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னலிலிருந்து மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். இருநூறு போல உடைந்தபின் 1983-ல் வெற்றி. எல்லாம் சரி, அந்தக் கனத்தைக் கட்டிக்கொண்டால் முழுக்கைச் சட்டையின் பொத்தான் போட முடியவில்லை. அலுவலகத்தில் கழிப்பறை ஜன்னலும் இல்லை.

கடைசியாகப் பையன் ஓர் அட்டைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தது காசியோ எஃப்-91டபிள்யூ. விலை ஆயிரத்துச் சொச்சம். பள்ளிக்கூடப் பையன்கள் கட்டும் அதே கறுப்புப் பிளாஸ்டிக். திருகும் சாவியே கிடையாது. பக்கங்களில் ஒட்டினாற்போல் மூன்று பொத்தான்கள். எடை 21 கிராம். மேற்படியார் கவுண்டரைப் பிடித்துக் குனிந்தார், குலுக்கினார், கண்ணைத் திறந்தார். புறங்கையில் எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை.

அன்றிரவு அவர் தம் தேர்வுக்கு நியாயம் தேட ஆரம்பித்தார். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பறக்கும் பொகாச்சார் கட்டுவது ரிச்சர்ட் மில் கம்பெனியின் வாட்ச். சைக்கிளில் அரை கிராம் குறைக்க லட்சங்களைக் கொட்டும் பந்தயத்தில், கையில் கோடியைத் தாண்டும் ஒரு சாமான். 32 கிராம்தான் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். “நம்மது பதினோரு கிராம் குறைவு” என்று மேற்படியார் மனைவியை எழுப்பிச் சொன்னார். பதிலுக்கு அவர் சொன்னது அச்சுக்கு உகந்ததல்ல.

எஃப்-91டபிள்யூ சந்தைக்கு வந்த வருஷம் 1989. அதே வருஷம் ஜூலையில்தான் டூர் டி பிரான்ஸில் கிரெக் லெமாண்ட், கடைசி நாள் 24.5 கிலோமீட்டர் தனி ஓட்டத்தை 50 செகண்ட் பின்தங்கிய நிலையில் தொடங்கி, லோரான் ஃபின்யோனை மொத்தக் கணக்கில் 8 செகண்டில் வென்றார். மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிய பந்தயத்தில் இடைவெளி எட்டே செகண்ட். பெரியப்பாவின் ஜனதாவிடம் விட்டிருந்தால் யாருக்கு வெற்றி என்பது அன்று காலை யார் சாவி கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

காசியோவிலும் குறை உண்டு. விடியற்காலை இருட்டில் விளக்குப் பொத்தானை அழுத்த மற்றொரு கை ஹேண்டில்பாரை விட வேண்டும்; விட்டு அழுத்தினாலும் ஓரத்தில் ஒரு மின்மினி பச்சையாக முனகும், அவ்வளவுதான். ஸ்டாப்வாட்ச் 59 நிமிஷம் 59.99 செகண்ட் வரைதான் எண்ணும். பிறகு சுழியிலிருந்து தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் மிதிக்க முடியும் என்ற உலக சாதனையை 2022 அக்டோபரில் ஃபிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டருக்கு உயர்த்தினார். நடந்த இடம் சுவிட்சர்லாந்தின் கிரென்ஷன்: வாட்ச் தொழிலுக்குப் பேர்போன ஊர், அரங்கத்தின் பெயரே டிஸ்ஸோ வெலோட்ரோம். நல்ல வேளை, அங்கே எஃப்-91டபிள்யூ வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. செகண்டில் நூறில் ஒரு பங்கு போதாமல் சாதனை சுழியாகியிருக்கும். மேற்படியாரின் சொந்த ஒரு மணி நேர சாதனை 21 கிலோமீட்டர், நடுவில் ஒரு இளநீர்.

அலுவலகத்தில் “என்ன சார், பையனோட வாட்சா?” என்ற கேள்வி ஒரு வாரம் ஓடியது. மணிக்கு மணி ‘பீப் பீப்’ என்று கத்துவதை நிறுத்தத் தெரியாததால், மேலாளர் ஐந்து மணிக்கும் பேசிக்கொண்டிருந்த கூட்டமொன்றில் எல்லோர் மனசாட்சியாகவும் அது ஒலித்தது; அதன்பின் கேள்வி நின்றது. கல்யாணங்களுக்கு மட்டும் டைட்டன், புது வாருடன். ஆனால் வெயிலில் கறுத்த கையில் காசியோ விட்டுவைத்த வெள்ளைச் சதுரம், வட்ட டயலின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மாமனார் கண்ணில் அது பட்டிருக்கிறது, இன்னும் கேட்கவில்லை.

மேற்படியார் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். சமையலறையில் இருப்பது பதினைந்து. இது மனைவியின் ஏற்பாடு. கழித்துப் பார்க்க மகள் எல்.கே.ஜி.யிலேயே கற்றுக்கொண்டாள். மாதத்துக்கு முப்பது செகண்டுக்கு மேல் பிசகாது என்று உத்தரவாதம் உள்ள ஒரே யந்திரம் தம் கையில் இருப்பதாக மேற்படியார் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு, சேர்ந்து கிளம்புவதற்காக ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் சபை கூட வேண்டும். எப்போதும் கடைசியாக வந்து திட்டு வாங்கும் மேற்படியார், அன்று மிதித்துக்கொண்டு போய் நின்றபோது அங்கே இரண்டு நாய்களும் ஒரு டீக்கடையும்தான் இருந்தன.

“மணி என்ன சார்?” என்று அடுப்பைப் பற்றவைத்தபடி டீ மாஸ்டர் கேட்டார்.

“நாலு அம்பத்தெட்டு, இருபத்து மூணு செகண்ட்.”

மாஸ்டர் திரும்பித் தம் போனைப் பார்த்தார். “இன்னும் அம்பதே ஆகலையே சார்.”

காசியோவின் மூன்று பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்தி நேரத்தை மாற்றுவது என்று மேற்படியாருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வீட்டில் ஒருவருக்குப் பிடிபட்டிருந்தது. மேற்படியார் இரண்டு டீ குடித்தார். ஒவ்வொருவராக வந்து சேர்ந்த சபை, வாயடைத்துப்போய் அவரைப் பார்த்தது. வீடு திரும்பியதும், “இன்னிக்காவது நேரத்துக்குப் போய்ச் சேந்தீங்களா?” என்று மனைவி தோசைக்கல்லிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

“ம்” என்றார் மேற்படியார்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு பையனைப் பிடித்து, கெஞ்சி, நேரத்தைச் சரிசெய்து வாங்கிக்கொண்டார். இந்த ஞாயிறு பார்த்தால் வாட்ச் பதினைந்து நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.